வேக வைத்துப் போடுங்கம்மா

அந்தப் பூனைக்கு வந்திருந்தது சாதாரணச் சளிதான். மூக்கொழுகல், கண்ணில் பீளை, நாக்கில் சின்னப் புண். மருந்து கொடுத்தேன், தேறிவிட்டது. உறுத்துவது அதற்கப்புறம் நடந்த பேச்சு.

பூனையை எங்கள் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தவர், சேலத்தில் குகைப் பக்கம் தெருப் பூனைகளுக்கெல்லாம் தீனி போடுகிற அம்மா. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "கறிக்கடையில கோழிக் குடலு, கழுத்து, தோலு சும்மாவே குடுப்பாங்க சார். அப்படியே போட்டுருவேன்." பச்சையாகவா என்றேன். "பூனை எங்கங்க வேக வெச்சுத் தின்னுது?"

அப்போது நாக்பூர் செய்தி புதிது. 2024 டிசம்பர் கடைசியில் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்திருந்தன. பறவைக் காய்ச்சல், எச்5என்1 என்று போபால் ஆய்வகம் உறுதி செய்தது. பூனை இனத்துக்கு இது பொல்லாத நோய். 2004இல் தாய்லாந்தில் பச்சைக் கோழி தின்ற புலிகள் கூட்டமாகச் செத்தன. 2023இல் போலந்தில் வீட்டுப் பூனைகள். 2024இல் டெக்சாஸில், நோய்ப்பட்ட மாட்டின் காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள். மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வலிப்பு, சிலவற்றுக்குப் பார்வையே போய்விடும். நம் ஊரில் அப்படியொரு பூனையைப் பார்த்தால் முதலில் வெறிநோய் என்றுதான் நினைப்போம்.

இதெல்லாம் மனதில் ஓடியதால்தான் நாக்பூர் புலிகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். வேக வைத்தால் கிருமி செத்துவிடும், வேக வைத்துப் போடுங்கம்மா என்றேன். "புலியே செத்துப்போச்சுன்னா இதுங்க எம்மாத்திரம் சார்" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "இத்தனை பூனைக்கும் வேக வெக்க கேஸுக்கு எங்க போவேன்?" என்று கேட்டார். கையையாவது சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு கறிக்கடைத் தம்பி தன் நாய்க்குத் தடுப்பூசி போட வந்தபோது சொன்னார்: "அந்தம்மா இப்பல்லாம் வர்றதில்லீங்க சார். கழிவை மூட்டை கட்டி வெக்கிறோம். ராத்திரி பூனைங்க கிழிச்சுத் தின்னுட்டுப் போயிடுது."

ஆக, பூனைகள் தின்பது அதே பச்சைக் கழிவைத்தான்.

சொல்லாமல் இருந்திருக்க முடியுமா? வெறுங்கையால் குடலை அள்ளிப் போடுகிறவர், வயதானவர். அவர் கையாவது இப்போது அதில் படுவதில்லை. இந்த நியாயம் எனக்குப் போதும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் நாமக்கல் பக்கத்துப் பண்ணையில் கோழிகள் கொத்தாகச் செத்தால் கவனிக்க ஆள் உண்டு, நஷ்டமே காட்டிக்கொடுத்துவிடும். தெருவில் நாலு பூனை செத்தால் யாருக்குத் தெரியும்? எது இரண்டு நாளாக வரவில்லை, எது காலை இழுக்கிறது, எது தீனியை முகர்ந்துவிட்டு நகர்கிறது என்று அந்தத் தெருவில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒன்று சுணங்கினாலும் கூடையில் தூக்கி வந்துவிடுவார். இனி எங்கள் மேசைக்கு அந்தப் பூனைகள் எப்படி வரும்?

அவரைப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றும். பார்த்து என்ன சொல்ல? பச்சையாகவே போடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்ல முடியாது. நாளைக்கே இன்னொருவர் பச்சைக் கறி போடுகிறேன் என்று வந்தாலும் வேக வைக்கத்தான் சொல்வேன். புலிகள் செத்ததையும் சேர்த்துச் சொல்வேனா என்றுதான் தெரியவில்லை.