எங்கள் அரிய நோய்த் தரவு எவ்வளவு பழசு என்று கண்டுபிடித்த அனுபவம்

ஒரு மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்காகச் சின்னதாக ஒரு தேடல் கருவியை நான் பராமரித்து வருகிறேன். நோயின் பெயரையோ ஜீனையோ அறிகுறியையோ அடித்தால், ஆர்ஃபாநெட் என்ற அரிய நோய்த் தரவுத்தளம் அந்த நோய்க்குத் தந்த எண், ஓஎம்ஐஎம் என்ற மரபணு நோய்ப் பட்டியலில் அதன் எண், தொடர்புள்ள ஜீன் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். 1997-இல் பிரான்சில் இன்செர்ம் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய ஆர்ஃபாநெட், தன் தரவை ஆர்ஃபாடேட்டா என்ற பெயரில் எக்ஸ்எம்எல் (கணினி படிக்கும்படி டேக் போட்டு எழுதும் வடிவம்) கோப்புகளாக இலவசமாகத் தருகிறது. அறிகுறிகளுக்கு எச்பிஓ, அதாவது எந்த நோய்க்கு எந்த அறிகுறி என்று ஒரே சீரான பெயர்களில் தரும் பட்டியல். இரண்டையும் அவ்வப்போது இறக்கி எங்கள் சர்வரில் ஏற்றிக்கொள்ளும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அங்கே வேலை பார்க்கும் மரபணு ஆலோசகர் போன் செய்தார். "சார், ஜிபிஏ1 என்று அடித்தால் ஒன்றுமே வரவில்லை. கோஷே நோய்க்கான ஜீன்தானே அது?" மண்ணீரல் வீங்கிய ஒரு குழந்தையின் பரிசோதனை முடிவு அவர் கையில் இருந்தது. பெற்றோர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தேன். எல்லாம் பச்சை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிப் பார்த்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் 200, அதாவது 'சரி', என்று பதில் வந்திருக்கிறது. நானே ஜிபிஏ என்று அடித்துப் பார்த்தேன், உடனே வந்தது. அப்போதுதான் உறைத்தது. ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் எச்ஜிஎன்சி குழு ஜிபிஏ-வை ஜிபிஏ1 என்று மாற்றிவிட்டது. எங்கள் கருவிக்குப் பழைய பெயர் மட்டுமே தெரியும். பழைய பெயரில் தேடச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் கோப்பின் தேதியைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முந்தையதாகக் காட்டியது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அது சர்வர் மாற்றும்போது கோப்பை நகலெடுத்த தேதி. உண்மையான தேதி கோப்புக்கு உள்ளேயே, எக்ஸ்எம்எல்லின் முதல் டேகில் எழுதியிருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் ஒன்றரை வருஷம் பழசு. கோப்பு நம்மிடம் வந்த தேதி வேறு, அவர்கள் வெளியிட்ட தேதி வேறு. இந்த வித்தியாசத்தை நான் எங்கேயும் பதிவு செய்து வைக்கவில்லை.

லாகைப் புரட்டியதில் காரணம் தெரிந்தது. டிஸ்க் நிரம்பி, கோப்பு பாதியில் நின்றிருக்கிறது. பாதி எக்ஸ்எம்எல்லைப் படிக்க முடியாமல் ஸ்கிரிப்ட் பழைய தரவையே வைத்துக்கொண்டு, வெற்றி என்று சொல்லி முடித்துக்கொண்டது. பழையதை வைத்துக்கொண்டது சரிதான். யாருக்கும் சொல்லாமல் இருந்ததுதான் தவறு, அதை எழுதியவன் நான்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். 'உயிரோடு இருக்கிறதா' என்ற கேள்வியையும் 'தரவு புதுசா' என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பிரித்தேன். முதல் கேள்விக்கு, சர்வர் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் வெறும் பிங் போதாது. ஐந்து நோய்களைத் தேர்ந்தெடுத்து, தினமும் காலையில் கருவியே அவற்றைத் தேடிப் பார்க்கும்படி வைத்தேன். வில்சன் நோய் என்றால் எண் 905, ஜீன் ஏடிபி7பி வர வேண்டும். பாம்ப்பே (Pompe) நோய் என்றால் 365, ஜிஏஏ. ஃபேப்ரி 324, டூஷென் 98896. ஐந்தாவது, கோஷே முதல் வகை, 77259. அதற்கு ஜிபிஏ1 என்றே வர வேண்டும். ஒன்று தப்பினாலும் எனக்கு மெயில் வரும்.

கோப்பின் தலைப்பில் மொத்தம் எத்தனை நோய்கள் என்று ஒரு எண் இருக்கும். ஏற்றி முடித்ததும் டேட்டாபேஸில் இருக்கும் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடச் சொன்னேன். பாதிக் கோப்பு இதில் கட்டாயம் மாட்டும்.

அதிக நேரம் எடுத்தது, எத்தனை நாள் ஆனால் 'பழசு' என்று முடிவு செய்வதுதான். முதலில் எல்லாவற்றுக்கும் 30 நாள் என்று வைத்தேன். ஆர்ஃபாடேட்டா ஆண்டுக்கு இரண்டு முறைதான் வருகிறது, அதனால் எந்தக் குறையும் இல்லாமலே தினமும் எச்சரிக்கை வந்தது. இப்படி வந்தால் நாலாம் நாள் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதற்கு ஏழு மாதம் என்று மாற்றினேன். எச்பிஓ அதைவிட அடிக்கடி வருவதால் அதற்குக் குறைவான கெடு. அதன் கோப்பிலும் மேலேயே பதிப்பு வரி இருக்கிறது.

அப்புறம், எதிர்பாராமல் ஒன்று கிடைத்தது. எச்பிஓ கோப்பில் வரும் ஆர்ஃபா எண்களில் எத்தனை எங்கள் பட்டியலில் இல்லை என்று எண்ணிப் பார்த்தேன். ஆர்ஃபாநெட் சில எண்களை நீக்கும், சிலவற்றை வேறு எண்ணோடு இணைக்கும், புதியவற்றைச் சேர்க்கும். ஆகவே ஒரு கோப்பு மட்டும் பின்தங்கினால் இந்த எண்ணிக்கை ஏறும். தேதி பொய் சொன்ன இடத்திலும் இது காட்டிக்கொடுத்திருக்கும் என்று பழைய தரவை வைத்தே சோதித்துப் பார்த்துக்கொண்டேன். ஜீன்களையும் இப்போது பெயரால் சேமிப்பதில்லை. எச்ஜிஎன்சி எண்ணால் சேமித்து, பழைய பெயர்களையும் தேடலில் சேர்த்துவிட்டேன். ஜிபிஏ ஆனாலும் ஜிபிஏ1 ஆனாலும் அதன் எண் 4177 மாறவில்லையே.

பக்கத்தின் அடியில் 'ஆர்ஃபாநெட் வெளியிட்ட தேதி' என்று ஒரு வரியும் போட்டேன். இரண்டு நாளில் அந்த ஆலோசகர் மறுபடி கூப்பிட்டார். "சார், அந்தத் தேதியை மேலே, முடிவுக்குப் பக்கத்திலேயே போட முடியுமா? நான் கேஸ் குறிப்பில் அதையும் எழுதிக்கொள்கிறேன்." அன்று மாலையே மேலே மாற்றிவிட்டேன்.