கூரைக்கு மேல் ஓடிய தூங்குமூஞ்சிக் கிளையை இறக்குவது

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில்தான் மரவேலைக்கு அழைப்பு குவியும். அதில் ஆளைச் சோதிப்பது தூங்குமூஞ்சி மரம். கிளை பக்கவாட்டில் நாற்பது அடி ஓடியிருக்கும். இலையும் எடையும் நுனியில் இருக்கும். அடியில் சிமெண்ட் ஷீட் கூரை, பக்கத்தில் சர்வீஸ் ஒயர். வெட்டுவது இதில் சின்ன வேலை, இறக்குவதுதான் பெரிய வேலை.

மரம் காம்பவுண்டுக்குள் நிற்கிறதா, சாலையோரமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பொது இடத்து மரத்தில் வீட்டுக்காரர் சொன்னார் என்று கை வைத்தால் வழக்கு வெட்டியவர் பேரில்தான் வரும். உரிய அலுவலகத்தின் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும்.

அடுத்தது கரண்ட். கம்பி அருகில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, லைன்மேனே வந்து எல்.சி. (லைனில் கரண்ட்டை நிறுத்தியதற்கான 'லைன் கிளியர்' அனுமதி) வாங்கி, கம்பிகளை எர்த் செய்த பிறகுதான் ஏற வேண்டும். 'ஃபியூஸைப் பிடுங்கிட்டோம், ஏறுங்க' என்பதை நம்பவே கூடாது. தெருவில் யாராவது ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் செத்த கம்பியிலும் கரண்ட் திரும்பி வரும். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் அதை நன்றாகவே கடத்தும்.

ஏறுமுன் மரத்தைச் சுற்றி வாருங்கள். அடியில் தட்டுக் காளான் முளைத்திருக்கிறதா, கரையான் மண் ஏறியிருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் பானை போல் ஒலிக்கிறதா? ஒலித்தால் அந்த மரத்தில் கயிற்றை மாட்டாதீர்கள், கிரேன் சொல்லுங்கள். கவட்டைகளில் கதண்டுக் கூடும் தேன்கூடும் தேடுங்கள். முப்பது அடி உயரத்தில் கதண்டு கொட்டினால் ஓட இடமில்லை. சாலையோர மரமென்றால் டியூஷன் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். ஒரே ஆணியில் ரம்பத்தின் செயின் முழுக்க மழுங்கிவிடும்.

பெட்ரோலில் ஓடும் அந்தச் செயின் ரம்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) நல்லது என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. சாதாரண ஆயில் என்றால் 40 மில்லி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். பாருக்கு, அதாவது செயின் ஓடும் நீளத் தகட்டுக்கு, கழிவு ஆயில் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் உள்ள இரும்புத்தூள் ஆயில் பம்ப்பை அரித்துவிடும். செயின் துருவலாகக் கக்காமல் மாவாகக் கக்கினால் அரம் போடும் நேரம் வந்துவிட்டது. .325 பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், 30 டிகிரி சாய்வு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒரு பக்கம் கூடிவிட்டால் வெட்டு வளைந்து போகும்.

இனி எடை. பச்சை மரம் கனமீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் பெரிதாக ஏமாற மாட்டோம். ஓரடி விட்டம், ஆறடி நீளத் துண்டு ஏறக்குறைய 130 கிலோ. விட்டம் இரண்டடியானால் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதுவும் கயிறு தளர்ந்திருந்து துண்டு இரண்டடி விழுந்து நின்றால், கயிற்றுக்கு விழும் அடி அதன் எடையைப் போலப் பல மடங்கு. முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் ஏற்கெனவே கணிசமாகக் குறைந்திருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு இதற்கு ஆகாது. உராய்ந்த சூட்டில் இளகி அறுந்துவிடும். நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள்.

கயிறு, வெட்டும் கிளைக்கு மேலே இருக்கும் தடித்த கவட்டையிலிருந்து வரவேண்டும். கவட்டையில் நேராகப் போட்டால் பட்டையும் கயிறும் சேர்ந்து தேயும். வார் கட்டிக் கப்பி தொங்கவிடுவது நல்லது. கிளையின் அடிமுனையில் மட்டும் கட்டினால் நுனி முதலில் சாய்ந்து ஷீட்டை உடைக்கும். கூரை மேல் என்றால் நுனிப் பக்கம் ஒரு கட்டு, அடியில் ஒரு கட்டு, தள்ளி இழுக்க ஒரு இழுகயிறு. கீழே நிற்பவர் கயிற்றை மரத்தின் அடித்தூரில் மூன்று சுற்று சுற்றிப் பிடிக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நுனியில் கட்டிய கிளை அறுந்ததும் அடிமுனை ஊசலாக ஏறியவரை நோக்கி வரும். அதனால் தண்டின் மறுபக்கத்தில் நின்றுதான் அறுக்க வேண்டும். ரம்பம் கையில் இருக்கும்போது ஏறியவரை மரத்தோடு கட்டும் பிடிமானம் இரண்டு வேண்டும். அதில் ஒன்று உள்ளே எஃகுக் கம்பி வைத்த கயிறு. பாரின் நுனி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்.

வெட்டு மூன்று. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்பங்கு. அதற்கு மேல் போனால் எடை அமுக்கி பார் மாட்டிக்கொள்ளும். பிறகு அதைவிட ஓரிரு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து கீழாக. கீழ்வெட்டு இல்லாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை ஒடிந்து, தண்டின் பட்டையை நான்கைந்து அடி உரித்துக்கொண்டு விழும். கிளை போன பின் மிச்சக் கட்டையை மூன்றாவது வெட்டில் எடுக்கலாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப் பட்டை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். புடைப்பைச் சேர்த்து மழமழவென்று சீவினால் வீட்டுக்காரருக்கு அழகாகத் தெரியும், காயம் மூடாது. அரை அடி கட்டை விட்டாலும் அழுகல் உள்ளே போகும்.

தார், பெயின்ட், சாணி எதையும் பூச வேண்டியதில்லை. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னார். பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குத்தான் வசதி. இதைச் சொன்னாலும் பாதி வீட்டுக்காரர்கள் தார் டப்பாவோடு நிற்பார்கள்.

'மொத்தமா மொட்டை அடிச்சிடுங்க' என்பவர்களிடம் மறுத்துப் பேசுவதும் வேலையில் ஒரு பகுதிதான். மொட்டையடித்த இடத்தில் கொத்தாக வரும் வாதுகள் மரத்தின் உள்வைரத்தில் வேர்கொள்ளாமல் மேற்பட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். மூன்று நான்கு வருடத்தில் கை கனம் ஆனதும் காற்றுக்கு அவையே முதலில் பிய்ந்து விழும்.

விலை பேசும்போதே விறகு யாருக்கு, தழை யார் அள்ளுவது என்று தீர்த்துவிடுங்கள். விறகு எடைக்குப் போகும், தழையை எடுக்க ஆள் கிடையாது. ஒரு பெரிய கிளையின் தழை மிதிக்காமல் ஏற்றினால் இரண்டு டாட்டா ஏஸ் லோடு ஆகிவிடும், அந்த வாடகை கூலியில் சேர்ந்திருக்க வேண்டும்.