வளவில் கிடைத்த ஹாக்ஸ் பாடம்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் 11 வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். கருவின் உடம்பில் எந்தப் பகுதி எங்கே அமைய வேண்டும் என்பதை வழிநடத்தும் ஹாக்ஸ் மரபணுக்கள் பாடம் வந்தாலே கொஞ்சம் பயம்தான். மனிதருக்கு மொத்தம் 39, அவை 2, 7, 12, 17 ஆகிய குரோமோசோம்களில் நான்கு கொத்துகளாக இருக்கின்றன என்று எழுதிப் போடுவதற்குள் பின் பெஞ்சில் பேச்சு ஆரம்பித்துவிடும்.

போன வருடம் கூட வேலை பார்ப்பவரின் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சாந்தி விழா; கானாடுகாத்தான் போயிருந்தேன். அவர்களுடைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின் தெரு வரைக்கும் ஒரே நேர்கோடு. அடுத்த வகுப்பில் அந்த வீட்டைத்தான் வரைந்தேன். ஹாக்ஸ் கொத்திலும் 1ஆம் எண் மரபணு பின்மூளைப் பக்கம், 13 வால் பக்கம்; குரோமோசோமில் எந்த வரிசையோ, கருவின் உடம்பிலும் ஏறக்குறைய அதே வரிசையில் வேலை செய்கின்றன. நான்கு கொத்தும் பங்காளி வீடுகள் மாதிரி, அமைப்பு ஒன்றுதான், ஆனால் எந்த வீட்டிலும் 13 கட்டும் முழுசாக இல்லை. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்த உற்சாகத்தில்தான் தப்பு செய்தேன். ஹாக்ஸ் டி13, அதாவது டி கொத்தின் 13ஆம் எண், விரலை உண்டாக்கும் மரபணு, அது கெட்டால் விரல் ஊனம் என்று சொல்லிவிட்டேன். முன்வரிசைப் பையன் ஒருவன் இடது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். மூன்று மாதமாக அவனுக்குப் பாடம் எடுக்கிறேன், இரண்டு விரல்கள் ஒட்டியிருப்பதை அன்றுதான் பார்த்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, நேற்றுச் சொன்னது தவறு என்று வகுப்பிலேயே சொன்னேன். ஹாக்ஸ் எதையும் கட்டுவதில்லை. அது படியெடுத்தல் காரணி என்ற புரதத்துக்கான மரபணு. அந்தப் புரதம் 60 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு பகுதியால் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு மற்ற மரபணுக்களை முடுக்கும், நிறுத்தும். மேஸ்திரி செங்கல் தூக்குவதில்லையே, அது போல. ஹாக்ஸ் டி13 புரதத்தில் அலனைன் என்ற அமினோ அமிலம் 15 தடவை தொடர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு, அது நீண்டுவிட்டால் விரல்கள் ஒட்டிப் பிறக்கலாம் என்று 1996இல் கண்டுபிடித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவன் வந்தான். "சார், எனக்கும் அதுதானா?"

"கையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாதுப்பா, விரல் ஒட்ட வேற காரணமும் நிறைய இருக்கு. வீட்டில வேற யாருக்காவது?"

"அம்மாவுக்கு இருக்கு சார். ஆயாவுக்கும் இருந்துச்சாம்."

ஒரு தாளை எடுத்துக் குடும்ப வரைபடத்தை அவனையே வரையச் சொன்னேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், விரல் ஒட்டியவர்களுக்கு உள்ளே கறுப்பு. மதுரையில் மரபியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோகட்டும் என்றுதான். ஆயாவின் அக்கா தங்கைகளுக்கு இருந்ததா என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. தேவகோட்டையில் பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.