லோடு ஏறுனா கொர்ருனு சத்தம்: 7812-ஐ கழட்டறதுக்கு முன்னாடி கெப்பாசிட்டர்ல அளங்க

7812 (வெளிய வர்ற 12 வோல்ட்ட ஏறாம எறங்காம நிறுத்தி வைக்கற ரெகுலேட்டர் ஐசி) போட்ட பவர் சப்ளைல பிரச்சனைனு யாராவது பெட்டிய தூக்கிட்டு வந்தா, பெரும்பாலும் அவங்க கையிலயே ஒரு புது 7812-உம் இருக்கும். லோடு, அதாவது கரண்டு இழுக்கற சாமான், இல்லாம அளந்தா சுத்தமா 12 வோல்ட் காட்டுது, சாமான மாட்டுனா எறங்குது, அப்ப ஐசிதான் போச்சுனு அவங்களே முடிவு பண்ணிடறாங்க. நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான், ஐசில கைய வைக்கறதுக்கு முன்னாடி, லோடு ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஐசிக்கு உள்ள போற வோல்டேஜ அளங்க, அதுவும் மீட்டர் காட்டற சராசரிய மட்டும் நம்பாம அந்த வோல்டேஜ் எது வரைக்கும் எறங்கிட்டு ஏறுதுனு பாருங்க. முக்காவாசி கேஸு அங்கயே தெரிஞ்சிடும்.

இத இப்ப எழுத காரணம், மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் மைக் செட்டு. தோட்டம் ஒரு காலத்துல பால்மரம், இப்ப எல்லாம் செம்பனை, லயத்துல பாதி வீடு பூட்டி கெடக்கு, ஆனா வெள்ளிக்கிழமை பூஜைக்கு தாமான்ல (வீடமைப்புப் பகுதில) குடியேறுன ஆளுங்களும் காடி எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க. அங்க ரெண்டு வயர்லெஸ் மைக் ரிசீவர், ஒரு எக்கோ, சின்ன மிக்சர், எல்லாத்துக்கும் சேர்த்து 12 வோல்ட் குடுக்க யாரோ ரொம்ப வருசத்துக்கு முன்னாடி கையால செஞ்ச ஒரு தகரப் பெட்டி. வேலை சுத்தமா செஞ்சிருக்காரு, சால்டரிங் எல்லாம் இன்னும் பளபளனு இருக்கு, செஞ்சவரு யாருனு கோயில்ல இப்ப யாருக்கும் தெரியல.

பூசாரி சொன்னாரு, "தம்பி, சாயங்காலம் பூஜை ஆரம்பிச்சா ஸ்பீக்கர்ல கொர்ருனு ஒரே எரைச்சல், மந்திரம் சொல்றதே காதுல விழல, பகல்ல போட்டு பாத்தா ஒண்ணுமே இல்ல. ஐசி வாங்கி வச்சிருக்கேன், மாட்டி மட்டும் குடு." நான் கேட்டேன், "ஐயா, இதுக்கு முன்னாடி யாராச்சும் ஐசி மாத்துனாங்களா?" மாத்தியிருக்காங்க, ஒருவாட்டி இல்ல. அவரு சொன்ன ரெண்டு விஷயம்தான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. பகல்ல இல்ல, ராத்திரிலதான் வருதுனா அது ஐசியோட கோளாறா இருக்க வாய்ப்பு கம்மி, ஐசிக்கு பகல் ராத்திரி தெரியாது, கரண்டுக்குதான் தெரியும். இன்னொண்ணு, சாமி சன்னதில எல்ஈடி ஸ்ட்ரிப் ஒண்ணு உபயமா வந்து அதையும் இதே பெட்டிலதான் கோத்துருக்காங்க, அது எரிஞ்சா எரைச்சல் ரெண்டு மடங்கு.

சத்தத்த முதல்ல காதாலயே பிரிச்சிடலாம். ஆழமா உம்ம்னு வந்தா அது 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் மைக் வயரோ எர்த் லூப்போ (எர்த் ரெண்டு வழியா சுத்தி வர்றது). கொஞ்சம் கரகரப்பா கொர்ருனு வந்தா 100 ஹெர்ட்ஸ், ஏசிய டிசி ஆக்கற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (நாலு டையோடு) ஏசியோட ரெண்டு பக்கத்தையும் எடுக்கறதுனால அதோட ரிப்பிள், அதாவது டிசில மிச்சம் நிக்கற ஏத்த எறக்கம், இரட்டிப்பாகி வரும். இங்க வந்தது 100.

இனி கணக்கு, இங்கதான் விஷயமே இருக்கு. பெட்டிக்குள்ள 240-க்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலு 1என் 4007 டையோடு, 2200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், அப்பறம் 7812. 12 வோல்ட் ஏசினா உச்சத்துல 1.414 மடங்கு, கிட்டத்தட்ட 17. ஒரு நேரத்துல ரெண்டு டையோடு வழியா போகணும், சார்ஜ் ஆகற அந்த நிமிஷத்துல கரண்டு பலமா பாயறதுனால ஒரு டையோடுல 0.8, 0.9 வோல்ட் போயிடும், மிச்சம் 15-க்கு கொஞ்சம் மேல. 7812-க்கு வெளிய 12 வரணும்னா உள்ள கிட்டத்தட்ட 14 வேணும், அந்த ரெண்டு வோல்ட் அதுக்கு மூச்சு விடற எடம் மாதிரி, அது இல்லனா ரெகுலேட் பண்ணாது, உள்ள வர்ற மேடு பள்ளத்த அப்படியே வெளிய தள்ளிடும். உச்சம் 15.3, தேவை 14, ஆக கையில இருக்கறதே ஒரு வோல்ட் சொச்சம். ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவுல 10 மில்லிசெகண்டு, அந்த நேரம் பூரா கெப்பாசிட்டர்தான் லோடுக்கு சோறு போடுது. லோடு கரண்ட அந்த நேரத்தால பெருக்கி கெப்பாசிட்டன்ஸால வகுத்தா எத்தன வோல்ட் எறங்கும்னு வந்துடும். ஒரு ஆம்பியர், 2200 மைக்ரோனா 4.5 வோல்ட். நெசத்துல கெப்பாசிட்டர் மறுபடி சார்ஜ் ஆக ஆரம்பிச்சிடறதுனால கொஞ்சம் கம்மியா வரும், ஆனாலும் ஒரு வோல்ட் இருக்கற எடத்துல மூணு நாலு வோல்ட் பள்ளம் விழுந்தா என்ன ஆகும்?

அடுத்தது நம்ம ஊரு கரண்டு. 2008 ஜனவரி 1-லேர்ந்து மலேசியாவுல வீட்டு சப்ளை 230 வோல்ட், அதுக்கு முன்னாடி 240. 230-க்கு மேல 10 சதவீதம், கீழ 6 சதவீதம் வரைக்கும் போலாம், அதாவது சுமாரா 216-லேர்ந்து 253-க்குள்ள எது வந்தாலும் அது சரியான சப்ளைதான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இந்த டிரான்ஸ்ஃபார்மர் 240-க்கு செஞ்சது. கோயில் லைனோட கடைசில இருக்கு, சாயங்காலம் எல்லா வீட்லயும் ஏர்கோன், ரைஸ் குக்கர், தண்ணி ஹீட்டர்னு ஓடும். மத்தியானம் அளந்தப்ப 235 இருந்துச்சு, ஏழு மணி வாக்குல 224. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் 11 வோல்ட் கொறஞ்சா இந்தப் பக்கம் உச்சத்துல முக்கால் வோல்ட்டுக்கு மேல போயிடும். ஒரு வோல்ட்தான் கையிருப்புனு சொன்னேன்ல, அதுல முக்கால்வாசி அங்கயே காலி.

எல்ஈடி அணைச்சிட்டு ராத்திரி அளந்தா வெளிய 11.8 காட்டுச்சு. இதப் பாத்துட்டுதான் எல்லாரும் "சரியாதான இருக்கு, 12-க்கு கிட்டதான"னு விட்டுட்டு போயிருப்பாங்க. டிசி ரேஞ்சுல மீட்டர் சராசரிதான் காட்டும், ஒரு செகண்டுல நூறு தடவ 11.3-க்கு எறங்கி ஏறறது அதுல தெரியவே தெரியாது, ஆனா மைக் சத்தத்த மொதல்ல பெருக்கற ப்ரீஆம்ப்புக்கு நல்லாவே தெரியும். எல்ஈடியும் போட்டா மொத்தம் 0.9 ஆம்பியர், வெளிய 10.2, கெப்பாசிட்டர்ல 12.2. வெளிய 12 வேணும், உள்ளயே சராசரி 12.2தான்! இந்த ஒரு அளவுலயே ஐசி மேல தப்பு இல்லனு ஆயிடுச்சு.

ஸ்கோப் (வோல்டேஜ் ஏறி எறங்கறத கோடா வரைஞ்சு காட்டற கருவி) இருந்தா மாட்டுன உடனே பள்ளம் கண்ணுக்கு தெரியும். இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. கெப்பாசிட்டர் ரெண்டு முனையிலயும் மொதல்ல டிசி அளந்து எழுதிக்குங்க. அப்பறம் மீட்டர ஏசிக்கு மாத்துங்க, ஆனா நேரா வைக்காதீங்க, பத்து பதினஞ்சு வெள்ளிக்கு விக்கற மஞ்சள் மீட்டர்ல பலது ஏசி ரேஞ்சுலயும் டிசிய கலந்து என்னவோ ஒரு நம்பர் காட்டும், அதுனால ப்ரோப் முனையில 1 மைக்ரோ ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒண்ண சீரிஸா வச்சு அளங்க. வர்ற நம்பர 3.5-ஆல பெருக்குனா அதுதான் மேட்டுலேர்ந்து பள்ளம் வரைக்கும் உள்ள ஒசரம், ரிப்பிள் ரம்பப் பல்லு மாதிரி இருக்கறதுனால இந்த கணக்கு நல்லாவே ஒத்து வரும். அதுல பாதிய டிசி அளவுலேர்ந்து கழிச்சா பள்ளம் கெடைச்சிடும். இங்க டிசி 12.2, ஏசி 0.95 சுமாருக்கு, ஒசரம் 3.3, பள்ளம் 10.5. வேண்டியது 14.

பெஞ்ச்ல டெஸ்ட் பண்றவங்க லோடுக்கு ரிசீவர் மிக்சர் எல்லாம் தூக்கிட்டு அலைய வேணாம். கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) சிக்னல் பல்பு, 12 வோல்ட் 10 வாட், 0.8 ஆம்பியர் இழுக்கும், எந்த மோட்டார் கடையிலயும் கெடைக்கும். பல்பு குளிர்ந்து இருக்கும்போது ரொம்ப அதிகமா இழுக்கும், அதனால போட்ட உடனே காட்டற நம்பர விட்டுட்டு கொஞ்சம் பொறுத்து பாருங்க. ரெசிஸ்டர்னா 15 ஓம், 20 வாட், தொட்டுடாதீங்க, சுட்டுடும். பெட்டிய தொறக்கறதுக்கு முன்னாடி பிளக்க உருவிட்டு கெப்பாசிட்டர்ல கரண்டு எறங்குற வரைக்கும் நில்லுங்க, உள்ள 230 வர்ற எடம் தொறந்து கெடந்தா மொதல்ல அத மூடிட்டு அப்பறம் மத்த வேலை.

ஐசி சூடாகி நின்னு போற கேஸு வேற, ரெண்டையும் குழப்பிக்க கூடாது. அதுல போட்ட உடனே நல்லா இருக்கும், கொஞ்ச நேரத்துல அணையும், ஆறுனா தானா வரும். ஐசி டிசைனர் பாப் விட்லர் நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனில செஞ்ச எல்எம் 109 ரெகுலேட்டர்லயே இந்த சூட்டு பாதுகாப்ப உள்ளயே வச்சிட்டாரு, அதனால இந்த வகை ஐசி கருகாம தப்பிச்சு தப்பிச்சு ஓடும், பாக்கறவங்களுக்கு எங்கயோ லூஸ் கனெக்‌ஷன் மாதிரி தோணும். உள்ள வர்றதுலேர்ந்து வெளிய போறத கழிச்சு கரண்டால பெருக்குனா எத்தன வாட் சூடுனு வரும். ஹீட்சிங்க் (சூட்ட வெளிய தள்ற உலோகத் தகடு) இல்லாத 7812 ஒரு வாட்டுக்கு 65 டிகிரி ஏறும்னு வச்சுக்குங்க, ரெண்டு வாட்னா 130, அது மேல நம்ம ஊரு வெக்கை, தகர கூரைக்கு கீழ ஒரு தகரப் பெட்டி. 125 டிகிரிதான் எல்லை, தாங்கவே தாங்காது.

இதனாலதான் "பேசாம 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுடு"னு சொல்ற யோசனை எனக்கு அவ்வளவா பிடிக்கறதில்ல. வேலை செய்யும், இல்லனு சொல்லல, ஆனா அதே 0.9 ஆம்பியர்ல அஞ்சு வாட் சுத்தமா சூடா போகும், பெரிய ஹீட்சிங்க் வேணும், லோடு இல்லாதப்ப கெப்பாசிட்டர்ல 25 வோல்ட் வரைக்கும் ஏறிடும், அதனால 35 வோல்ட் கெப்பாசிட்டர்தான் போடணும். எல்எம் 2940 மாதிரி லோ டிராப் ஐசியும் இருக்கு, ஒரு ஆம்பியர்ல அர வோல்ட்தான் சாப்பிடும், ஆனா வெளிய 22 மைக்ரோவுக்கு கொறையாம கெப்பாசிட்டர் இல்லனா ஆசிலேட் ஆகும், அதாவது வெளிய வர்ற வோல்டேஜ் தானா துடிக்க ஆரம்பிச்சிடும், பழைய போர்டுல 7812 எடுத்த எடத்துல அப்படியே சொருகிட்டு போற சாமான் இல்ல அது.

நான் செஞ்சது இதுதான். எல்ஈடி ஸ்ட்ரிப்ப இந்த பெட்டிலேர்ந்து பிரிச்சு தனியா ஒரு 12 வோல்ட் அடாப்டர்ல போட்டேன், வெளக்கு எரியறதுக்கு ரெகுலேட் பண்ண சுத்தமான வோல்டேஜ் எதுக்கு, அத மைக்குக்கு மிச்சம் வைக்கணும். இப்ப லோடு 0.4 ஆம்பியர். 4007 நாலையும் எடுத்துட்டு 1என் 5822 ஷாட்கி (வோல்டேஜ் கம்மியா சாப்பிடற டையோடு) நாலு, அதுலயே டையோடுக்கு போற வோல்டேஜ் பாதியா கொறஞ்சுது. 2200-க்கு பதிலா 4700 மைக்ரோ, 35 வோல்ட். 7812 காலு பக்கத்துலயே உள்ள 0.33, வெளிய 0.1 மைக்ரோ, பழைய பெட்டில அது ரெண்டும் இல்ல, கெப்பாசிட்டர் தூரத்துல இருந்தா ஐசி ஆசிலேட் ஆகும், அந்த கோளாறு லோடு இல்லாமயே ஐசிய சூடாக்கும். வெளிய போற நெகட்டிவ் வயர் டையோடு பக்கத்துலேர்ந்து போச்சு, அத பிடுங்கி கெப்பாசிட்டரோட நெகட்டிவ் முனையத் தாண்டி எடுத்தேன், இல்லனா சார்ஜ் ஆகற கரண்டு அந்த வயர்லயே ஓடி எவ்வளவு நல்ல ரெகுலேட்டர் போட்டாலும் எரைச்சல் வந்துக்கிட்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர மாத்தல, அது நல்ல கனமான சாமான்.

ராத்திரி 224-ல மறுபடி அளந்தா பள்ளம் 14.8, வெளிய 12.0, சூடு ஒண்ணே கால் வாட் சுமாரு, இருக்கற ஹீட்சிங்கே தாராளம். வேரியாக்ல (உள்ள வர்ற ஏசிய கூட்டி கொறைக்கற டிரான்ஸ்ஃபார்மர்) 216 வரைக்கும் எறக்கி பாத்தேன், 14.2-ல நின்னுச்சு, மயிரிழைல தப்பிக்குது, அதனால கோயில் தலைவர்கிட்ட சொல்லி வச்சிட்டேன், இந்த பெட்டில இனிமே எதையும் சேர்க்க கூடாது, உபயமா எது வந்தாலும் அதுக்கு தனி அடாப்டர். பூசாரி வாங்கி வச்ச புது 7812-ஐ அவருகிட்டயே குடுத்துட்டேன், உள்ள இருக்கறதே நல்லா இருக்கு.

ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. எல்ஈடிக்கு போட்ட அடாப்டர் மலிவு சாமான், அத ரிசீவர் பக்கத்துல வச்சா மைக்குல லேசா புஸ்ஸுனு ஒரு சத்தம் ஏறுது, இப்போதைக்கு சன்னதிக்கு அந்தப் பக்கம் நகத்தி வச்சிருக்கு. வயர்ல ஃபெரைட் கோர் (இந்த மாதிரி எரைச்சல தடுக்கற காந்தப் பொருள் வளையம்) மாட்டி பாக்கணும், ஆடி திருவிழாவுக்கு பந்தல் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத முடிச்சிடணும்.