சிபியு முழுகியபின் ஃபோனில் ஓடும் டைப்பிங் வேலை

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகர் சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கிற இடம், எங்கள் வீடோ தரைத்தளம். மேசைக்குக் கீழே இருந்த சிபியு முழுகிவிட்டது. மேலே இருந்த மானிட்டரும் கீபோர்டும் தப்பின. நான் வீட்டிலிருந்தே தமிழ் டைப்பிங்கும் புரூஃபும் பார்க்கிறவள். புது கம்ப்யூட்டர் வாங்கக் கையில் காசில்லை. ஃபோனையே மானிட்டரில் செருகி ஓட்டலாம் என்றான் தம்பி.

என்னிடம் இருந்த ஃபோனில் அது நடக்கவில்லை. டைப்-சி ஓட்டை எல்லா ஃபோனிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஆனால் எல்லாமே படத்தை வெளியே அனுப்பாது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி வேண்டும். விலை குறைந்த ஃபோன்களில் பெரும்பாலும் அது கிடையாது, சார்ஜும் ஃபைலும் போய்வரும், அவ்வளவுதான். ஃபோனை மானிட்டரில் செருகினால் வரும் கம்ப்யூட்டர் மாதிரியான திரைக்குச் சாம்சங்கில் டெக்ஸ் என்று பெயர். 2017இல் எஸ்8 ஃபோனோடு வந்தபோது டாக் என்ற தனி இணைப்புப் பெட்டி தேவைப்பட்டது, அடுத்த வருடம் நோட் 9 வந்தபின் ஒயரே போதும் என்றாகிவிட்டது. சாம்சங்கின் எஸ்20 எஃப்இ ஃபோன் இதற்கு ஒத்துவரும் என்பதால் செகண்ட் ஹேண்டில் அதைத் தேடினோம். நேரு வீதிப் பக்கம் ஒரு கடைக்காரர், "டைப்-சிதானே, எதுலயும் வரும்மா" என்று வேறொன்றை நீட்டினார். "அந்த டிவியில செருகிக் காட்டுங்கண்ணா" என்றேன். வரவில்லை. வாங்குகிறவர்கள் இப்படிக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

எஸ்20 எஃப்இ கிடைத்தபின் அடுத்த சிக்கல்: என் பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான். எனவே விஜிஏ, யுஎஸ்பி, சார்ஜர் செருகும் துளை மூன்றும் உள்ள ஹப் வாங்கினேன். சார்ஜர் துளை இல்லாத ஹப் மலிவுதான், ஆனால் வேலை முடிவதற்குள் பேட்டரி காலி. கீழே டாஸ்க்பார், மூன்று நான்கு ஜன்னல்கள், ஆல்ட்-டேப் எல்லாம் பழகிய மாதிரியே வந்தன. கரண்ட் போனால் மானிட்டர்தான் அணையும், அடித்தது ஃபோனில் பத்திரமாக இருக்கும். இது ஒன்றுக்காகவே எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

சிக்கல் தமிழில்தான். நான் தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் அடிக்கிறவள்: இடது கை உயிர், வலது கை மெய், 'அம்மா' என்றால் ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ஃபோன் திரையில் இருந்த தமிழ் அமைப்பு வெளிக் கீபோர்டுக்கு வரவில்லை. பிரவுசரில் திறக்கிற ஒரு தமிழ்99 பக்கத்தில் அடித்து, கூகுள் டாக்ஸில் ஒட்டுகிறேன். ஒரு வேலை கூடுதல்தான், கை பழகிவிட்டது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு வேறு கதை. அச்சகங்களிலிருந்து இன்னும் பாமினி ஃபைல்கள்தான் வருகின்றன. அந்த எழுத்துரு ஃபோனில் இல்லாததால் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். எல்லாக் கருவியிலும் படிக்க வருகிற யூனிகோடுக்கு மாற்றும் இணையப் பக்கங்கள் பிரவுசரிலேயே ஓடுகின்றன, முக்கால்வாசி சரியாக வரும். நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் எழுத்தாக மாற்றித் தொலைக்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பட்டம் இருக்கிற வரி கட்டாயம் இப்படி ஆகும், அதை மட்டும் கையால் திருத்துவேன்.

பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைலுக்கு ஃபோனில் வழியே இல்லை. லேஅவுட் வேலையை இப்போது எடுப்பதில்லை, டைப்பிங்கும் திருத்தமும் மட்டும் என்று சொல்லிவிட்டேன். பழைய யுஎஸ்பி பிரிண்டரை ஃபோன் ஏற்கவில்லை, பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினால் கடைக்கார அண்ணன் பிரிண்ட் எடுத்து வைத்திருப்பார். மற்றபடி ஒரே தொந்தரவு, நான் கடைக்குக் கிளம்பும்போது ஃபோனோடு கம்ப்யூட்டரும் கூடவே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் மகளுக்குத்தான் கோபம்.