அண்ணனின் கேசட்டுகள்: பதினோரு வாரம், ஒன்பது டேப்

மொத்தம் 34 கேசட். பதினோரு வாரத்தில் கணினியில் ஏற்றி முடித்தது ஒன்பது. இதே வேகத்தில் போனால் அடுத்த வருடம்தான் முடியும் என்று தெரிந்துவிட்டது. அதனால் இதுவரை நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வேறு யாராவது இந்த வேலையைத் தொடங்கினால் என் தப்புகளாவது உதவும்.

கேசட்டுகள் அண்ணனுடையவை. 1982 முதல் 1988 வரை ரேடியோவில் வந்த ஆங்கில பாப் பாடல்களை உட்கார்ந்து உட்கார்ந்து பதிந்து வைத்தவை. என்னைவிட ஆறு வயது பெரியவன். எது நல்ல பாட்டு, எது குப்பை என்று வீட்டில் முடிவு செய்தவன் அவன்தான்.

எல்லாப் பாட்டும் இப்போது போனிலேயே கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று எனக்கும் முதலில் தோன்றியது. லேபிள்களைப் பார்த்து 61 பாட்டுக்கு ஒரு பட்டியல் போட்டு அவனுக்கு அனுப்பினேன். இரண்டு மாலை வேலை. அடுத்த முறை சந்தித்தபோது அதையே ஓடவிட்டோம். அபா குழுவின் 'டான்சிங் குயின்' முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுத்த பாட்டின் முதல் அடியை முணுமுணுக்க, போனிலிருந்து வேறு எதுவோ வந்தது. அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "வரிசை தப்பா இருக்குடா" என்றான். அவ்வளவுதான். அன்று இரவே கேசட் பெட்டியை இறக்கினேன்.

முதல் இரண்டு வாரம்: டெக்

அண்ணன் பதிந்த பழைய ரெக்கார்டர் பெட்டி எப்போதோ போய்விட்டது. கேசட் ஓட்ட ஒரு பழைய டெக் வாங்கினேன். விற்றவர் "நன்றாக ஓடுகிறது" என்றார். ஓடியது, ஆனால் தள்ளாடி. திறந்து பார்த்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்து தொங்கியது. புதிய பெல்ட் மாட்டி, டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். மூன்று குச்சி பழுப்பாகி, நாலாவதுதான் வெள்ளையாக வந்தது. பின்ச் ரோலரைச் சும்மா ஒரு முறை துடைத்துவிட்டு விட்டேன். அது தப்பு. டேப்பை இழுப்பதே கேப்ஸ்டனும் அந்த ரப்பர் உருளையும் சேர்ந்துதான். அதில் பிசுக்கு இருந்தால் டேப் நழுவும், சில சமயம் சுற்றிக்கொண்டு கசங்கும். என் இரண்டாவது கேசட் ஒரு சாண் நீளத்துக்குக் கசங்கியது இதனால்தான்.

கேசட் ஓட வேண்டிய வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். 1963-ல் பிலிப்ஸ் இதை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து அதே கணக்குதான். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த ஒரு சோதனைக் கேசட்டைப் போட்டு, கணினியில் அது 3150 என்று காட்டும்வரை மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் இருக்கும் குட்டித் திருகைத் திருப்ப வேண்டும். மயிரிழை திருப்பினாலே எண் தாவும். ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஆனால் பின்னால் வந்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்க இந்த ஒரு மாலைதான் உதவியது.

மூன்றாம் வாரம்: முதல் பதிவு, முதல் சறுக்கல்

டெக்கிலிருந்து கணினிக்கு ஒரு சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக இணைப்பு. மென்பொருள் ஆடாசிட்டி. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், கோப்பு சுமார் 700 எம்பி.

மெல்லிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு ஒலி அளவை வைத்தேன். பாட்டு அழகாகப் பதிந்தது. இடையில் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் அலை மேலே முட்டி நொறுங்கியது. அவர் பேச்சு பாட்டைவிட அவ்வளவு சத்தம். முழுப் பக்கத்தையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறேன். 24 பிட்டில் அதனால் ஒன்றும் இழப்பில்லை.

அந்த அறிவிப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டின் முன்னிசை ஓடும்போது பேச்சைத் தொடங்கி, பாடகர் வாயெடுக்கும் கணத்துக்கு ஒரு மூச்சு முன்னால் முடிப்பதுதான் அவர்களின் வித்தை. மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு முன்னிசை ஏறக்குறைய அரை நிமிடம். தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் அதைக் குறைக்கச் சொல்லியும் ஜாக்சன் விடவில்லை என்பது பிரபலமான கதை. ஜாக்சன் போராடிக் காப்பாற்றிய அந்த அரை நிமிடத்தை எங்கள் கேசட்டில் அறிவிப்பாளர் முழுசாகச் சாப்பிட்டிருக்கிறார். அந்தப் பாட்டு அப்படித்தான் தொடங்கும் என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

நான்கிலிருந்து ஏழாம் வாரம்: எதைச் சரிசெய்வது?

வேலையின் கஷ்டமான பகுதி, சுவாரசியமான பகுதி, எல்லாம் இதுதான்.

மூன்றாவது கேசட்டை ஏற்றியபோது பாட்டு கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் உயரமாகக் கேட்டது. டெக்கைத்தான் சரிபார்த்துவிட்டோமே, பிறகு என்ன என்று குழம்பினேன். அளந்து பார்க்கத் தாளம் மாறாத பாட்டு வேண்டும். பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயிங் அலைவ்' கையில் இருந்தது. 1977-ல் அதைப் பதியும்போது அவர்களின் டிரம்மர் ஊரில் இல்லை. தங்களுடைய இன்னொரு பாட்டின் டிரம் பகுதியில் சில நொடிகளை வெட்டி, டேப்பை வளையமாக ஒட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். மனிதக் கை அடித்த தாளம் சற்று முன்பின் ஆடும், வளையம் அப்படி ஆடாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

மூலப் பதிவில் குறித்துக்கொண்ட ஒரு டிரம் அடியிலிருந்து வெகு தள்ளி இருக்கும் இன்னொன்றுக்கு 200 விநாடி. எங்கள் கேசட்டில் அதே தூரம் 194. மூன்று சதவீதத்துக்கு மேல் வேகம். சுருதியில் ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரே உற்சாகம். ஆகா, நாம் அந்த நாளில் எல்லாப் பாட்டையும் சுருதி ஏற்றித்தான் கேட்டிருக்கிறோம், அதனால்தான் போனில் கேட்கும்போது ஏதோ மந்தமாக இருக்கிறது என்று பெரிய கோட்பாடே கட்டி அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"எந்தப் பெட்டியில பதிஞ்சோம்?"

"நம்ம பெட்டியிலதான்."

"எதுல கேட்டோம்?"

"அதே பெட்டி."

"அப்புறம் என்னடா?"

சரிதான். எங்கள் பெட்டி மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை அதே மெதுவில் ஓட்டினால் சுருதி சரியாகவே வரும். சரியான வேகத்தில் ஓடும் என் டெக்கில் போட்டதால்தான் பாட்டு விரைகிறது. அன்று இல்லாத ஒரு குறையை நான் இன்று உண்டாக்கி, அதற்கு ஏக்கம் வேறு பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அன்று காதில் விழுந்தது இருக்க வேண்டும், பின்னால் சேர்ந்தது போக வேண்டும்.

இந்த விதிப்படி வேகத்தைத் திருத்த வேண்டும். அதுவும் ஒரே அளவாக இல்லை. பக்கத்தின் தொடக்கத்தில் 3.1 சதவீதம், முடிவுக்கு வரும்போது 3.8. சுற்று நிறைய நிறையப் பெட்டி இன்னும் திணறியிருக்கிறது. ஆகவே பாட்டுக்குப் பாட்டு தனிக் கணக்கு.

அசிமத், அதாவது ஹெட் நிற்கும் கோணம், அதுவும் அப்படித்தான். ஹெட்டின் மெல்லிய இடுக்கு டேப்புக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். எங்கள் பெட்டியில் அது சாய்ந்திருந்தது போலும். பதிந்ததும் கேட்டதும் ஒரே சாய்வில் என்பதால் அன்று தெரியவில்லை. என் டெக்கில் போட்டால் கம்பளி போர்த்தியது போல் மேல் ஒலி எல்லாம் அடங்கிவிடுகிறது. இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து, ஹெட்டின் பக்கவாட்டுத் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஜல்ரா ஒலி பளிச்சென்று திறந்துகொள்ளும். அங்கே நிறுத்த வேண்டும். இந்த ஒரு கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். வெளியில் வாங்கிய கேசட்டை ஓட்டும் முன் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக மறக்கக் கூடாது. நான் மறந்தேன்.

இரைச்சல்? அது அன்றும் இருந்தது. அப்படியே விட்டேன். இரைச்சல் நீக்கியை ஒரே ஒரு தடவை பயன்படுத்திப் பார்த்தேன். 'ஸ்ஸ்' போனது, கூடவே பாட்டின் காற்றும் போய், எல்லோரும் தண்ணீருக்கு அடியில் பாடுகிற மாதிரி ஆயிற்று. டெக்கில் இரைச்சலைக் குறைக்க இருக்கும் டால்பி பி பொத்தானையும் தொடவில்லை. பதியும்போது அது இல்லையென்றால் ஓட்டும்போது போடுவதில் அர்த்தமில்லை, மேல் ஒலியைத் தின்றுவிடும்.

ஆரம்பகாலக் கேசட் மூன்றில் கம்பி இணைப்பே கிடையாது. ரேடியோ முன்னால் ரெக்கார்டரை வைத்து, அதன் மைக்கிலேயே பிடித்தவை. கதவுச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் உண்டு. ஒரு பாட்டின் நடுவில் ஒரு குரல் தெளிவாக, "பேசாதடா, ரெக்கார்ட் ஆகுது!" என்கிறது. அந்தப் பக்கம் முழுவதிலும் பேசியது அந்த ஒரு குரல் மட்டும்தான். வேகத்தைத் திருத்தியதும் சிறுவன் குரலிலிருந்து கொஞ்சம் இறங்கி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அண்ணன் ஆனது. "அது நான் இல்ல" என்கிறான்.

எட்டாம் வாரம்: பேரில்லாத கேசட்

லேபிளே இல்லாத ஒன்று. எந்த வருடம் என்று பாட்டுகளைக் கேட்டே கண்டுபிடிக்கப் பார்த்தேன். நல்ல விளையாட்டு இது. டிரம் அடி பெரிய மண்டபத்தில் விழுந்த மாதிரி எதிரொலித்து, சட்டென்று கத்தரித்தாற்போல் நின்றால் 1980-க்குப் பிந்தையது. பீட்டர் கேப்ரியலின் பதிவு ஒன்றில் ஃபில் காலின்ஸ் அடித்தபோது பொறியாளர் ஹியூ பேட்கம் பிடித்த ஒலி அது, பிறகு பத்து வருடம் எல்லோரும் அதையே அடித்தார்கள். சோகப் பாட்டில் மணி கலந்த எலக்ட்ரிக் பியானோ வந்தால் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு என்று வைத்துக்கொள்ளலாம், அது வந்தது 1983-ல். கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி ஏறுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது எல்லாக் காலத்திலும் எல்லோரும் செய்த வேலை.

முடிவாக மாட்டியது ஆஹா குழுவின் 'டேக் ஆன் மீ'. 1984-ல் ஒரு பதிவு வந்து எடுபடவில்லை. மறுபடி பதிந்து 1985-ல் வெளியிட்டதுதான் உலகம் முழுவதும் ஓடியது. கேசட்டில் இருப்பது இரண்டாவது. ஆகவே 1985-க்கு முன்னால் இருக்க முடியாது. அதற்குமேல் துப்பு இல்லை.

பத்தாம் வாரம் ஒன்றுமே செய்யவில்லை. சோம்பல்.

பதினோராம் வாரம்: ஒன்பதாவது கேசட்

இதில் பி பக்க லேபிள் உரிந்துபோயிருந்தது. ஓட்டுவதற்கு முன் சும்மா அண்ணனைச் சோதித்தேன். வரிசை சொல்லு பார்ப்போம் என்றேன். யோசிக்காமல் அடுக்கினான். முதல் மூன்றும் அச்சுப் பிசகவில்லை. நான்காவது, போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்', அதுவும் சரி. "அதுக்கப்புறம் டோட்டோ. 'ஆப்பிரிக்கா'."

கேசட்டில் போலீஸ் முடிந்ததும் பொத்தான் சத்தம், பிறகு யூரோப் குழுவின் 'ஃபைனல் கவுன்ட்டவுன்'. 1986-ல் வந்த பாட்டு. முன்னால் இருப்பதெல்லாம் 1983-ஐத் தாண்டாதவை. அண்ணனுக்கும் வயதாகிறது என்று சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டு முழுதாக ஓடவில்லை. முடிவதற்கு முன்பே இன்னொரு பொத்தான் சத்தம். உடனே, ஒரு பாட்டின் நடுவிலிருந்து, ஒலி அளவும் நிறமும் மாறி, வேறொரு நாளின் இரைச்சலோடு 'ஆப்பிரிக்கா'வின் கடைசிப் பகுதி வந்தது. மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும் முடிவு. 38 விநாடி.

மேலே பதிந்தவர் பதிவை நிறுத்திய இடத்தில், கீழே இருந்தது தப்பித்துக்கொண்டிருக்கிறது.

1986-ல் அண்ணன் படிப்புக்காக விடுதியில் இருந்தான். விடுமுறைக்கு வந்தபோது டோட்டோ காணாமல் போனதைக் கண்டு, கேசட்டை இரவல் வாங்கிய ஒரு நண்பனைத் திட்டித் தீர்த்ததும், அந்த நண்பன் பல மாதம் வீட்டுப் பக்கமே வராததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேசட்டை வெளியே எடுத்து முதுகைப் பார்த்தேன். அழியாமல் இருக்க அண்ணன் உடைத்துவிட்ட சிறு பிளாஸ்டிக் நாக்கின் ஓட்டையில், மேலே பதிவதற்காக, மடித்துத் திணித்த காகிதம் இன்னும் இருந்தது. குறடால் இழுத்துப் பிரித்தேன். கட்டம் போட்ட தாள். ஒரு வகுத்தல் கணக்கின் பாதி. என் கையெழுத்து.

38 விநாடியைத் தனிக் கோப்பாக வெட்டி, வேகம் திருத்தி, அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். "நான் சொன்னேன் பாத்தியா!" என்று பதில் வந்தது. அடுத்த செய்தியில் அந்த நண்பனின் பெயரும் நாலு வசவும். காகிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

பத்தாவது கேசட்டின் டேப் அறுந்திருக்கிறது. ஒட்டும் நாடா வந்ததும் தொடங்க வேண்டும்.