கன்ட்ரோலரை மாற்றுவதற்கு முன்

வீட்டில் டிஜேயிங் பழகுகிறவர்களுக்குச் சில மாதங்களில் ஓர் அரிப்பு தொடங்கும். கையில் இருக்கும் இரண்டு சேனல் கன்ட்ரோலர் (கம்ப்யூட்டரோடு செருகி, ஒரே நேரத்தில் இரண்டு பாட்டைக் கலக்க உதவும் பெட்டி) திடீரென்று பொம்மை மாதிரித் தெரியும். நான்கு சேனல் மாடல்களின் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதோ போதவில்லை என்ற அந்த உணர்வு பெரும்பாலும் சரிதான். ஆனால் பீட் நழுவுகிறது, இரண்டு பாட்டு சேரும் இடம் கலங்குகிறது, ஒலி கரகரக்கிறது என்பவைதான் குறைகள் என்றால், கூடுதல் சேனல் இதில் ஒன்றையும் தீர்க்காது. காதுக்கு வரும் பாதையை முதலில் சரிசெய்யுங்கள். கை தொடும் பொருள் அப்புறம்.

பாதையில் முதலில் வருவது ஹெட்போன். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ஸ்பீக்கரில், அடுத்து விடப்போகும் பாட்டு ஒரு காதில். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பொருத்த வேண்டும் என்பதால், வெளிச்சத்தம் உள்ளே நுழையாத, காதை மூடும் வகைதான் தேவை. இழைய இழையப் பாட்டு கேட்பதற்கென்று செய்த திறந்த வகை எவ்வளவு உயர்ந்ததானாலும் இங்கே உதவாது. அடுத்து, ஹெட்போனின் மின்தடையைச் சொல்லும் ஓம் அளவைப் பாருங்கள். யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் ஓடும் கன்ட்ரோலர்களின் ஹெட்போன் வெளியீடு பொதுவாகப் பலவீனமானது. 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போனை அதில் செருகினால் குமிழை முழுக்கத் திருப்பினாலும் ஒலி பெரும்பாலும் போதாது. 32 முதல் 70 ஓம் வரை இருப்பவை ஒத்துவரும். 1988-இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 இன்றும் டிஜேக்களின் கழுத்தில் தொங்குவதற்கு ஒரு காரணம், ஒயர் போனால் ஒயரையும் பஞ்சு போனால் பஞ்சையும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பது.

ப்ளூடூத் வேண்டாம். ஹெட்போனிலும் வேண்டாம், ஸ்பீக்கரிலும் வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை தாமதம் சகஜம். 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 பீட்) வேகத்தில் ஒரு பீட்டின் நீளமே 480 மில்லிசெகண்ட்தான். ஹெட்போனில் கச்சிதமாகச் சேர்ந்த பீட், ஸ்பீக்கரில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி விழும். எத்தனை மாதம் பழகினாலும் இது கைவராது. தப்பு கையில் இல்லையே.

ஸ்பீக்கர் தூரமாக இருந்தாலும் இதே கதை, சிறிய அளவில். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். அறையின் அந்தக் கோடியில், 5 மீட்டர் தள்ளி வைத்தால் 15 மில்லிசெகண்ட் பிந்திக் கேட்கும். ஒரு ஜோடி 5 அங்குல ஆக்டிவ் மானிட்டர்களை (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்கள்) மேசையருகே, உங்கள் தலையோடு சேர்த்து சம பக்க முக்கோணம் வருமாறு, கீச்சொலி தரும் ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். சுவரோடும் மூலையோடும் ஒட்டினால் பாஸ் வீங்கும். அதை நம்பி மிக்ஸரில் பாஸைக் குறைப்பீர்கள். ரெக்கார்டிங்கை வேறு இடத்தில் போட்டால் ஒல்லியாகக் கேட்கும்.

கரகரப்புக்குப் புது மிக்ஸர் தேடுகிறவர்கள் பலரின் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இப்போது வெளியாகும் பாட்டுகள் டிஜிட்டல் உச்சத்தை ஒட்டியே மாஸ்டர் செய்யப்படுகின்றன. அதன்மேல் ட்ரிம்மில் (சேனலுக்குள் நுழையும் சத்தத்தின் அளவை வைக்கும் குமிழ்) 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் இரண்டு மடங்கு. அதோடு இரண்டு பாட்டின் பாஸும் ஒன்றாகத் திறந்திருந்தால் அலையின் தலை வெட்டுப்படாமல் என்ன செய்யும்? மாஸ்டர் குமிழைக் குறைத்தால் சத்தம்தான் குறையும். சேனலிலேயே வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். செய்ய வேண்டியது இது: பாஸ், மிட், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழ்கள் மூன்றும் நடுவில், சேனல் ஃபேடர் (மேலும் கீழும் நகர்த்தும் கைப்பிடி) முழுக்க மேலே. பாட்டின் அதிகச் சத்தமான இடத்தை ஓடவிட்டு, மீட்டர் பச்சையைத் தாண்டி மஞ்சளை எட்டித் தொடும் அளவுக்கு ட்ரிம்மை வையுங்கள். சத்தம் போதவில்லையென்றால் ஸ்பீக்கரின் பின்பக்கக் குமிழைத் திருப்புங்கள். இரண்டு நிமிடம் ரெக்கார்டு செய்து, ஒலியை அலையாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அலைகளின் உச்சி கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால் ட்ரிம் இன்னும் இறங்க வேண்டும்.

டிக் டிக்கென்று வெடிக்கும் சத்தமும், ஓயாத உறுமலும் வேறு நோய்கள். வெடிப்பு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்தான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 256 சாம்பிள் என்றால் 5.8 மில்லிசெகண்ட், 1024 என்றால் 23. மிகச் சிறியதாக வைத்தால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி இடைவெளி விடும். மிகப் பெரியதாக வைத்தால் ஜாக் வீல் (பாட்டைக் கையால் முன்பின் தள்ளும் வட்டத் தட்டு) சேற்றில் சுற்றுவது போலிருக்கும். 256-இல் தொடங்கி, வெடித்தால் ஒரு படி ஏற்றுங்கள். விண்டோஸில் கன்ட்ரோலர் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரைத்தான் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) தேர்ந்தெடுக்க வேண்டும். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பை விட்டு லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். பவர் அமைப்பில் யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். உறுமலுக்கு ஒரு சோதனை போதும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் ஒன்றோடொன்று வளையமாகச் சேர்ந்ததால் வரும் இரைச்சல். லேப்டாப்பையும் ஸ்பீக்கர்களையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போட்டு, வசதி இருந்தால் ஆர்சிஏ ஒயருக்குப் பதில், இரைச்சலைத் தள்ளிவிடும் பேலன்ஸ்டு ஒயர் இழுங்கள். ஆர்சிஏ மட்டும்தான் என்றால் நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கின் எர்த் முனையை உடைத்துப்போடும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இவ்வளவும் சரியான பிறகும் கன்ட்ரோலர் இடித்தால், இடிக்கும் இடம் அநேகமாக, பாட்டின் வேகத்தை மாற்றும் டெம்போ ஃபேடர். கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். 125 பிபிஎம் பாட்டில் ±8 சதவீதம் என்பது மொத்தம் 20 பிபிஎம் அகலம். 100 மில்லிமீட்டர் நீள ஃபேடரில் ஒரு மில்லிமீட்டருக்கு 0.2 பிபிஎம், சின்னக் கன்ட்ரோலர்களில் வரும் 60 மில்லிமீட்டர் ஃபேடரில் 0.33. வெறும் 0.1 பிபிஎம் வித்தியாசமே ஒரு நிமிடத்தில் 48 மில்லிசெகண்ட் நழுவலாகிவிடும், அதாவது பீட்டில் பத்தில் ஒரு பங்கு. காதால் பீட் சேர்க்கப் பழகுகிறவருக்கு நீள ஃபேடரும் பெரிய ஜாக் வீலும் செலவுக்குத் தகுந்தவை. (அதுவரை மென்பொருளில் ±6 சதவீதத்துக்கு மாற்றிக்கொண்டால் சின்ன ஃபேடரே கொஞ்சம் நயமாகும்.) எப்போதும் பீட்டைத் தானாகவே சேர்க்கும் சிங்க் பொத்தானில்தான் மிக்ஸ் செய்கிறீர்கள் என்றால் இதற்காகப் பணம் போட வேண்டாம். சிங்க் பாவமும் இல்லை. பீட்கிரிட் (பீட் விழும் இடங்களை மென்பொருள் குறிக்கும் கோடுகள்) தப்பாக விழுந்த பாட்டில் அது தப்பாகவே சேர்க்கும் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள்.

வாங்கும்போது பெட்டிமேல் இருக்கும் மென்பொருள் பெயரை நம்பிவிடக் கூடாது. கன்ட்ரோலரைச் செருகினால் முழு வடிவமும் திறக்குமா, குறைந்த வடிவம் மட்டும் கிடைத்து மற்றதற்குத் தனி லைசென்ஸா என்று பாருங்கள். இலவசமான மிக்ஸ்எக்ஸ் பெரும்பாலான கன்ட்ரோலர்களோடு பேசும் என்பதால், மென்பொருளைப் பிடித்துப் பார்க்க அதிலேயே தொடங்கலாம். பின்னால் லேப்டாப் இல்லாமல் ஓடும் பிளேயர்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து பழகுங்கள். பழைய பிளேயர்கள் பலவும் எக்ஸ்ஃபேட்டையும் ஃப்ளாக் கோப்புகளையும் படிக்காது. 320 கேபிபிஎஸ் எம்பி3 எங்கும் ஓடும்.

சிலருக்கு ஆசை, இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் பக்கம் திரும்பும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வந்தது 1972-இல். நீளப் பிட்ச் ஃபேடரோடு (வேகத்தை மாற்றும் ஃபேடர்) அதன் எம்கே2 மாடல் வந்தது 1979-இல். தயாரிப்பு 2010-இல் நின்று 2016-இல் திரும்பியது. வாங்குவது எதுவானாலும் டைரக்ட் டிரைவாக (பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுழற்றுவது) இருக்கட்டும். இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி, ஃபோனோ–லைன் சுவிட்ச். ஊசியிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவு. மற்ற பிளேயர்களிலிருந்து வரும் லைன் சிக்னல் 300-க்கு மேல். டர்ன்டேபிளை லைனில் செருகினால் பாஸே இல்லாமல் ஈனமாகக் கேட்கும். லைன் சிக்னலை ஃபோனோவில் செருகினால் அலறும். உறுமல் கேட்டால் டர்ன்டேபிளின் கிரவுண்ட் ஒயர் மிக்ஸரின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஹெட்போனைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை ஒரு கோடிக்குத் தள்ளி எதிர்ப்பக்கப் பாட்டை ஓடவிடுங்கள். லேசாகக் கசிந்தால் ஃபேடர் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்பித் திரையில் அதன் மதிப்பு தாவுகிறதா என்று கவனியுங்கள். தாவுவது தூசியால் என்றால் ஃபேடருக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் சரியாக்கும். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெயை அடித்தால் மசகு போய், தூசி ஒட்டி, ஃபேடரையே மாற்ற வேண்டி வரும். யூஎஸ்பி துளையில் ஒயரை மெதுவாக ஆட்டுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் வாங்காதீர்கள். கிளம்பும் முன்பே, உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது இருக்கும் இயங்குதளத்துக்கு அந்த மாடலின் டிரைவர் கிடைக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். டிரைவர் நிறுத்தப்பட்ட கன்ட்ரோலர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விளக்கு மட்டும் எரியும்.